இன்னொரு தடவை, சார்

வகுப்பில் அவளுக்கு ‘ரிப்பீட்டு’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். இந்த வருடம்தான் வந்து சேர்ந்தவள். எங்கிருந்து வந்தாள் என்று கேட்கக்கூட ஆளில்லை. வாயைத் திறந்தால் ஒரே வாக்கியம்தான்.

“சார், இன்னொரு தடவை சொல்லுங்க, மெதுவா.”

அதிர்வுகள் பாடம் நடத்த வெளிநாட்டிலிருந்து வந்திருந்த பேராசிரியர் ஆங்கிலத்தில் மூச்சுவிடாமல் பேசுவார். இவள் கையைத் தூக்குவாள். அவர் பாவம், திரும்பச் சொல்லி, போர்டில் படமும் போட்டுக் காட்டுவார். பின்னால் சிரிப்பு கிளம்பும். வெளியாள் முன்னால் காலேஜ் மானத்தை வாங்குகிறாளே என்று பல்லைக் கடிப்பார்கள்.

பக்கத்தில் உட்காரும் லாரி டிரைவர் மகளுக்குத்தான் பெரிய சங்கடம். பள்ளிப் படிப்பு முழுக்கத் தமிழில் படித்தவள். பேராசிரியரின் நாட்டில், அவருடைய ஆய்வுக்கூடத்தில் சேர ஒரே ஒரு இடம் இருந்தது. அதற்கு விண்ணப்பித்திருந்தாள். இந்த ரிப்பீட்டோடு சேர்த்துத் தன்னையும் மக்கு என்று நினைத்துவிட்டால்? வேறு பெஞ்சுக்கு மாறிவிடு என்று தோழிகளும் சொல்லிப் பார்த்தார்கள்.

நேர்முகத் தேர்வில், ஆட்கள் நடந்தால் நடைபாலம் ஏன் ஆடுகிறது என்று கேட்டார் பேராசிரியர். ஆங்கிலம் தடுக்கிய இடத்திலெல்லாம் டிரைவர் மகள் சாக்பீஸை எடுத்தாள். அவள் முடித்தபோது போர்டில் இடமே இல்லை. பேராசிரியர் முதல் பெஞ்சில் மாணவன் மாதிரி உட்கார்ந்து குறிப்பெடுத்துக்கொண்டிருந்தார்.

இடம் அவளுக்கே கிடைத்தது. அப்பாவுக்குப் போனில் சொன்னாள். லாரியை ஓரங்கட்டிவிட்டு ஹாரனை அழுத்திப் பிடித்தார். போன் வழியாகக் காலேஜ் வராந்தா முழுக்கக் கேட்டது.

அந்தச் சந்தோஷத்தில் அவளுக்கு ரிப்பீட்டு மேல் இரக்கம் வந்தது.

“நீ ஏன்டி விண்ணப்பமே போடல? அடுத்த வருஷம் போடு. புரியாததை நான் சொல்லித் தர்றேன்.”

அந்தப் பக்கமாக வந்த பேராசிரியர் இருவரையும் பார்த்து நின்றார். ரிப்பீட்டு அவரைவிட வேகமாக, அவருடைய ஊர் உச்சரிப்பிலேயே ஏதோ சொன்னாள். மனுஷர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தபடியே போனார்.

டிரைவர் மகள் அவள் பக்கம் திரும்பி, “இது எப்படிடி?” என்றாள்.

“நான் பொறந்து வளர்ந்ததே அவர் ஊர்லதான்டி. அங்க போய் நான் புதுசா என்னத்தப் பாக்கப் போறேன்?”

“அப்புறம் எதுக்கு தினமும் புரியலன்னு கேட்ட?”

“எனக்குப் புரியலன்னு நான் எப்ப சொன்னேன்? உன் பேனா நின்னா கையைத் தூக்குவேன், அவ்வளவுதான்.”