கன்னம் படும் இடம்

போன வருடம் முற்றத்தளவு தூரத்தில் நின்ற மூஸ் மானை ஆம்ப்ரோஸ் கோட்டைவிட்டான். அடர்ந்த புதருக்குள் துப்பாக்கியின் ஸ்கோப் வழியே பார்த்தால் வெறும் ரோமம்தான் தெரிந்ததாம். குளிர்காலம் முழுக்க உப்பு மீனையே தின்று சலித்த அவன் மனைவி லொரெட்டா, இம்முறை குலுக்கலில் வேட்டை உரிமம் தன் பெயருக்கு விழுந்ததும் அவனை இழுத்துக்கொண்டு துப்பாக்கிக் கடைக்கு வந்துவிட்டாள்.

“கிட்டத்துல சுடணும். ஒரே குண்டுல படுக்கணும்.”

கடைக்காரர் கஸ் ஒரு பழைய நாற்பத்தைந்து-எழுபது ரகத் துப்பாக்கியை நீட்டினார். “தாத்தா காலத்துக் குண்டு, கண்ணு. மெதுவாத்தான் போகும். ஆனா மரலாரி மாதிரி இடிக்கும்.”

“தோள் கழண்டுரும்,” என்றான் ஆம்ப்ரோஸ்.

“என் தோள்தானே.”

குறி பார்ப்பதுபோல் துப்பாக்கியின் பின்பக்க மரக்கட்டையில் கன்னத்தை வைத்தாள். கன்னம் படும் இடம் மட்டும் வெதுவெதுப்பாக இருந்தது.

“ஹீட்டர் பக்கத்துல வச்சிருந்தீங்களா?”

“இல்லியே. அது எப்பவும் அப்படித்தான்.”

“குளிருக்கு நல்லதுதான்,” என்று வாங்கிக்கொண்டாள்.

அக்டோபரில் ஒரே குண்டில் மூஸ் விழுந்தது. துப்பாக்கியைத் துடைத்து இரும்பு அலமாரியில் பூட்டிவிட்டுத்தான் அடுப்பை மூட்டினாள். மாலையில் அக்கம்பக்கத்தார் கூடி, வெங்காயம் போட்டு வறுத்த ஈரலைத் தின்று, அக்கார்டியன் இசைக்கு ஆடித் தீர்த்தார்கள்.

காலையில் துப்பாக்கிக்கு எண்ணெய் போட, பூட்டியபடியே இருந்த அலமாரியைத் திறந்தாள். கன்னம் படும் இடத்தில் ஈரல் வறுத்த கொழுப்புப் பிசுக்கு மினுங்கியது. ஒரு வெங்காயத் துணுக்கும் ஒட்டியிருந்தது.

லொரெட்டாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இடுப்பில் கட்டியிருந்த ஏப்ரனால் கட்டையைத் துடைத்தாள்.

“கூச்சப்படாம கேட்டிருந்தா தட்டுல இன்னும் வச்சிருப்பேன்ல,” என்றாள் துப்பாக்கியிடம்.

அவள் கைக்குள் கட்டை மேலும் கொஞ்சம் சூடானது.