ஃபர்ஹத் பாயும் பக்கம்

விசில் அடித்துவிட்டார்கள். பெனால்டி.

ஆட்டம் முடிய இரண்டு நிமிடம் இருந்தது. ஒன்றுக்கு ஒன்று. அடிக்கப்போவது பாளையங்கோட்டை அணி. எல்லாம் கோச் அக்தர் பானுவின் பிள்ளைகள்.

கோல் கம்பங்களுக்கு நடுவே தச்சநல்லூர் அணியின் கீப்பர் ஃபர்ஹத் நின்றாள். அவளும் அக்தர் பானுவின் பிள்ளைதான். வயிற்றில் பிறந்த பிள்ளை. பன்னிரண்டு வயது.

யாரோ ஒரு நாற்காலியை நிழலுக்கு இழுத்துப் போட்டார்கள். அக்தர் பானு உட்காரவில்லை. காலை ஐந்து மணியிலிருந்தே அவள் உட்காரவில்லை. சிவப்பு ஜெர்சி ஒன்றும் நீல ஜெர்சி ஒன்றும் தேய்த்து, இரண்டு டப்பாவில் இட்லி வைத்து, ஒரே ஸ்கூட்டரில் இரண்டு மகள்களையும் ஏற்றி வந்து, நீலத்தை அந்தப் பக்கம் இறக்கிவிட்டு, சிவப்போடு இந்தப் பக்கம் வந்திருந்தாள்.

மூத்தவள் ஷம்ஸியா சிவப்பு. உம்மாவின் அணி.

ஃபர்ஹத்தும் சிவப்பாக இருந்திருக்க வேண்டியவள். ஜூன் மாதம் அணிக்கு ஆள் எடுத்தபோது கடைசியாக, பதினெட்டாவது பெயராக அவளைத்தான் அக்தர் பானு எழுதினாள். "கோச்சு வீட்டுக்கே ரெண்டு எடமா வே?" என்று பெற்றோர் கூட்டத்தில் ஒருவர் சிரித்தார். அவள் அந்தப் பெயரை அடித்துவிட்டு வேறொரு பெயரை எழுதினாள்.

வீட்டுக்கு வந்து ஃபர்ஹத் அழவில்லை. சவூதியில் தம்மாமில் இருக்கும் வாப்பாவுக்குப் போன் போட்டு, அவர் மூலமாக உம்மாவிடம் சொல்ல வைத்து, அடுத்த வாரமே தச்சநல்லூர் அணியில் சேர்ந்தாள். அதற்குப் பிறகு உம்மாவிடம் பந்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை.

பேசாத பிள்ளையை வாரம் மூன்று நாள் தச்சநல்லூரில் கொண்டுபோய் விட வேண்டும். நாலரைக்கு விட்டுவிட்டு, ஆற்றுப் பாலத்து நெரிசலில் ஊர்ந்து, ஐந்துக்குப் பாளையங்கோட்டை மைதானத்தில் விசிலோடு நிற்க வேண்டும். திரும்பப் போகும்போது ஆறரை தாண்டிவிடும். மற்ற பிள்ளைகளெல்லாம் போயிருப்பார்கள். மைதான வாசலில் பையின்மேல் உட்கார்ந்திருக்கும் ஃபர்ஹத், எழுந்து வந்து பின்னால் ஏறிக்கொள்வாள். வீடு வரைக்கும் பேச்சு இருக்காது.

இன்று கடைசி ஆட்டம். டிரா ஆனால் தச்சநல்லூர் மாநிலப் போட்டிக்குத் திருச்சி போகும். ஜெயித்தால் பாளையங்கோட்டை போகும்.

ஜெபகனி பந்தைப் புள்ளியில் வைத்தாள். அணியின் கேப்டன். ஸ்ரீவைகுண்டத்திலிருந்து முதல் பஸ் பிடித்து வருகிற பெண். இந்த ஐந்து மாதத்தில் ஒருநாள்கூட அவள் பிந்தியதில்லை.

ஃபர்ஹத் கையுறையைப் பல்லால் இழுத்து இறுக்கினாள். அவளுக்கு வலப்பக்கம் ரோட்டோரச் சுவர். இடப்பக்கம் வேப்பமரம்.

எதிரணிக் கீப்பர் எந்தப் பக்கம் பாய்வாள் என்று பார்த்து வைத்து, அதற்கு எதிர்ப் பக்கத்தைக் காட்டுவது அக்தர் பானுவின் வேலை. அடிக்கப்போகிறவள் ஒருமுறை கோச்சைத் திரும்பிப் பார்ப்பாள். கோச்சின் வலக்கையில் தண்ணீர் பாட்டில் இருந்தால் சுவர்ப் பக்கம் அடிக்க வேண்டும். இடக்கையில் இருந்தால் மரத்துப் பக்கம்.

பாட்டில் வலக்கையிலிருந்து இடக்கைக்குப் போனது. மறுபடி வலக்கைக்கு வந்தது. அங்கேயே நின்றது.

ஜெபகனி திரும்பிப் பார்த்தாள். லேசாகத் தலையாட்டினாள். நாலு எட்டு பின்னால் போனாள்.

ஓடி வந்து அடித்தாள்.

சுவர்ப் பக்கம். தரையோடு, நல்ல வேகம்.

ஃபர்ஹத் முழு நீளத்துக்கும் பாய்ந்திருந்தாள். பந்து அவள் கையுறையில் பட்டு, கம்பத்துக்கு வெளியே உருண்டது.

நீல ஜெர்சிகள் அவள்மேல் விழுந்தன. சிவப்பு ஜெர்சிகள் நின்ற இடத்திலேயே நின்றன. இரண்டு நிமிடம் எப்படிப் போனது என்று தெரியவில்லை. கடைசி விசில் கேட்டது.

ஃபர்ஹத் முழங்கையெல்லாம் செம்மண்ணோடு மைதானத்தின் குறுக்கே ஓடி வந்தாள். ஐந்து மாதத்துக்குப் பிறகு அவளாக வந்தாள்.

"உம்மா, பாத்தீங்களா? பாத்தீங்களாம்மா?"

அக்தர் பானு அவள் தலையைத் தடவினாள். அதற்குள் நீலப் பிள்ளைகள் அவளைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

ஜெபகனி மெதுவாக நடந்து வந்தாள். கண்கள் சிவந்திருந்தன.

"நீங்க காட்டுன பக்கந்தான் அடிச்சேன் மிஸ். என் அடியிலதான் வலு இல்ல. என்னாலதான் எல்லாருக்கும் போச்சு."

அக்தர் பானு பாட்டில் மூடியைத் திருகி இறுக்கினாள்.

தரையில் உட்கார்ந்து பூட்ஸ் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்த ஷம்ஸியா நிமிர்ந்தாள். உம்மாவைப் பார்த்தாள். கையில் கயிறு அப்படியே இருந்தது.

பிறகு எழுந்து வந்து ஜெபகனியின் தோளில் கை போட்டாள்.

"அழாத ட்டி. அவ எப்பவும் எடது பக்கந்தான் பாயுவா. இன்னைக்குன்னு பாத்து மாத்திட்டா. உம்மா என்ன செய்வாங்க, சொல்லு?"

ஜெபகனி மூக்கை உறிஞ்சிக்கொண்டு தலையாட்டினாள். ஷம்ஸியா அவளைக் கூட்டிக்கொண்டு தண்ணீர்க் குழாய்ப் பக்கம் நடந்தாள். உம்மாவைத் திரும்பிப் பார்க்கவில்லை.

வீட்டு மொட்டைமாடியில் மூன்று வருடமாக அக்கா அடிக்க, தங்கை தடுக்கிறாள். உம்மா துணி காயப்போட்டபடி பார்த்திருக்கிறாள்.

ஃபர்ஹத் ஒருநாளும் இடப்பக்கம் பாய்ந்ததில்லை.