குமிழிகளின் பின்னால்

எஞ்சினை அணைத்துவிட்டு, பெம்பாத் தீவின் பவளப்பாறைக்கு மேலே குமிழிகளின் பின்னாலேயே படகைத் துடுப்பால் நகர்த்துகிறான் மகாமே. ஒரு பகல் மட்டும் கரையிறங்கிய கப்பல் பயணிகள், கணவனும் மனைவியும், வழிகாட்டி வேண்டாமென்று, முதுகில் காற்றுச் சிலிண்டர் கட்டித் தனியாகக் கீழே நீந்துகிறார்கள். அவர்களுடைய செருப்புகள் படகில் வெயில் காய்கின்றன. ஒரு கொத்துக் குமிழி வெடித்து அடங்குகிறது. சற்றுப் பொறுத்து அடுத்த கொத்து. தூரத்தில் வெள்ளைக் கப்பல் சங்கூதுகிறது. சட்டென்று, பாறை விளிம்புக்கு அப்பால், கருநீலத் தண்ணீர் உலைபோலக் கொதிக்கிறது. “பாரு மச்சான், புருஷனும் பொண்டாட்டியும் அடியில என்ன கும்மாளம் போடுறாங்க!” படகின் முனையில் மாங்காயைக் கடித்தபடி சிரிக்கிறான் மைத்துனன் கத்தீபு. மகாமேயின் துடுப்பு அந்தரத்தில் நிற்கிறது. “வாய மூடுடா. மூச்சு விடுறவன் குமிழி நடுவுல நின்னு நின்னு வரும். இது நிக்கவே இல்ல.”