சஹனில் கடைசிக் கை

"பக்கத்து சஹன்ல எல்லாம் கை கழுவிட்டாங்க லாத்தா. மச்சான் கை மட்டும் எந்திரிக்கவே இல்ல!"

செருப்பைக் கழற்றும்போதே கமாலுத்தீன் அக்காவிடம் பற்ற வைத்துவிட்டான்.

ஆஸியா பீவி கணவரைப் பார்த்தாள். கல்யாண வீட்டிலிருந்து வந்த அப்துல் லத்தீப், கட்டுப் போட்ட காலை மெல்ல ஸ்டூலில் தூக்கி வைத்தார்.

"நெசமாங்க?"

"ம்."

"நானும் அதே சஹன்தான்" என்றான் கமாலுத்தீன். "ஒரு தட்டுல நாலு பேரு. நெய்ச்சோறு, தாளிச்சா, அப்புறம் இனிப்புக்கு பீர்னி. தட்டு காலியாவுற வரைக்கும் மச்சான் விடலியே!"

"தலத்தெரு டாக்டர் என்ன சொன்னாருங்க? இன்னொரு தடவை சர்க்கரை ஏறினா விரலை எடுக்கணும்னாரா இல்லியா?"

"சொன்னாரு."

"பசிச்சு சாப்பிடுறீங்களா, பந்தி இருக்கேன்னு சாப்பிடுறீங்களான்னு கேட்டாரே?"

"பக்கத்துல ஒருத்தன் சாப்பிட்டா என் கை தானா போயிடுதுன்னு சொன்னேன்."

"சொல்லி என்ன? இன்னிக்கும் போயிருக்கே!"

லத்தீப் குனிந்து கால்கட்டைச் சரிசெய்துகொண்டார்.

"விடு லாத்தா, ஆசைப்பட்ட நாக்கு" என்று சிரித்தான் கமாலுத்தீன்.

"நீயாவது ஒரு டீ குடி. ரொட்டி இருக்கு."

"வயித்துல எடமில்ல லாத்தா."

போய்விட்டான். சிங்கப்பூரில் வேலை போய் ஊர் திரும்பியதிலிருந்தே அப்படித்தான். தனியாக ஓர் அறை எடுத்துத் தங்கியிருந்தான். அக்கா வீட்டில் தண்ணீர் மட்டும் குடிப்பான். எப்போது கேட்டாலும், "இப்பத்தான் சாப்பிட்டேன்."

மாலை அஸர் தொழுகை முடிந்ததும் ஆஸியா கண்ணாடிக் குழாயையும் நீல மருந்தையும் எடுத்து வந்தாள். மருந்தோடு சில சொட்டு சிறுநீரைக் கலந்து காய்ச்ச வேண்டும். நீலம் மாறாவிட்டால் சர்க்கரை இல்லை. பச்சையானால் கொஞ்சம். மஞ்சளானால் கூடுதல். செங்கல் நிறம் வந்தால் டாக்டரிடம் ஓட வேண்டியதுதான்.

செங்கல்தான் வரும் என்று அவளுக்குத் தெரியும். ஸ்பிரிட் விளக்கில் குழாயைக் காட்டும்போதே கண் கலங்கியது.

கொதித்தது. நீலம்.

ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். நீலமேதான்.

"மருந்து கெட்டுப் போச்சா?"

"நேத்துத்தானே நீ வாங்கிட்டு வந்தே?"

"அப்ப சஹன்ல உங்க கை என்னதாங்க பண்ணிச்சு?"

லத்தீப் சிரித்தார். "சோத்தை இங்கேருந்து அங்க தள்ளிச்சு. அங்கேருந்து இங்க தள்ளிச்சு. வாய்க்கு ரெண்டு கவளம் வந்திருந்தா அதிகம்."

"எதுக்குங்க இந்தக் கூத்து?"

"சஹன்ல மூத்தவன் நான். நான் கையெடுத்தா மத்தவங்களும் கூச்சப்பட்டு எடுத்துடுவாங்க." அவர் குரல் தாழ்ந்தது. "உன் தம்பி சாப்பிட்டதை நீ பாக்கல ஆஸியா. தலை நிமிரவே இல்ல. அது பந்தி ஆசை இல்ல புள்ள, பசி."

ஆஸியா வெகுநேரம் குழாயையே கழுவிக்கொண்டிருந்தாள்.

"அவன்தானே உங்களைப் போட்டுக் குடுத்தான்? அப்பவே நீங்க வாயைத் திறந்திருக்கலாம்ல?"

"திறந்திருந்தா அடுத்த கல்யாணத்துக்கு என் சஹன்ல உக்காருவானா?"

அவள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

"நாளையிலேருந்து நம்ம வீட்டுலயும் சஹன்தான். கமாலு கிட்ட நான் சொல்லிக்கிறேன். உன் மச்சான் வாயை என்னால அடக்க முடியல, தெனம் மத்தியானம் வந்து கூட உக்காந்து பாத்துக்கன்னு."

"வருவானா?"

"சாப்பிடக் கூப்பிட்டா வரமாட்டான். உங்களைக் காவல் காக்கன்னா ஓடி வருவான். நீங்க மட்டும் சீக்கிரம் கையை எடுத்துடாதீங்க!"