இழைப்புளிக்கு வைத்தியம்

அன்று என்ன கிழமை என்பதில் கொஞ்சம் சந்தேகம் உண்டு. வெள்ளியாக இருந்திருந்தால் ஜானி பாஷாவின் பட்டறையில் அவ்வளவு சாம்பிராணிப் புகை இருந்ததற்கு ஒரு நியாயம் இருக்கும். செவ்வாய் என்றுதான் ஞாபகம். எண்பதுகளில் ஏதோ ஓர் ஐப்பசி, விடாத மழை.

புகையைக் கையால் விலக்கிக்கொண்டு உள்ளே நுழைந்தார் பரசுராமன். "இன்னா பாய், மிஷினுக்குப் பேய் ஓட்றியா?"

"மழைக்குக் கொசு ஜாஸ்திணா" என்றார் பாஷா.

இருவருமே திருவண்ணாமலையில் தச்சுவேலை செய்பவர்கள். பெஞ்சில் உட்கார்ந்து இருமிக்கொண்டிருந்த கோதண்டராமன், கோயிலுக்குப் பக்கத்தில் லாட்ஜ் கட்டிக்கொண்டிருந்தார். கார்த்திகை தீபத்துக்குள் அத்தனை அறைக் கதவுகளையும் செய்து மாட்ட வேண்டும். யாரால் முடியுமோ அவருக்கு வேலை.

அதைப் பிடிக்கத்தான் பாஷா மெட்ராஸுக்குப் போய், கையிலிருந்ததையெல்லாம் கொட்டி, மரம் இழைக்கும் பழைய கரண்ட் இழைப்புளி ஒன்றை வாங்கி வந்தார். மரம் வாங்கக்கூட மிச்சமில்லை. மிஷின் சில நாள் இரைந்துவிட்டு ஊமையாகிவிட்டது.

பரசுராமன் ஒரு காலத்தில் வேலூரில் மோட்டார் காயில் கட்டும் கடையில் கொஞ்ச நாள் இருந்தவர். அந்தக் கொஞ்ச நாள், சொல்லச் சொல்ல வளர்ந்து பல வருஷமாகியிருந்தது. மடியில் மிஷினை வைத்து, பக்கவாட்டு மூடியைத் திருகித் திறந்தார். மோட்டாருக்குக் கரண்ட் கடத்தும் கார்பன் துண்டு இருக்க வேண்டிய ஓட்டை, பல் விழுந்த வாய்போல் காலியாக இருந்தது. மறுபக்கம் திறந்தார். அங்கே கார்பன் இருந்தது.

ஒரு பக்கக் கார்பன் இல்லாமல் மிஷின் எப்படி ஓடும்? ஒரு டீ செலவில் சரியாகிற கோளாறு. பரசுராமனுக்கு உள்ளே சிரிப்பு பொங்கியது. முகத்தைத் துக்க வீட்டுக்குப் போனவர்போல் வைத்துக்கொண்டார்.

மிஷினைக் காதோரம் வைத்து ஆட்டினார். நாடி பார்ப்பதுபோல் கண்ணை மூடினார்.

"ஆர்மேச்சர் போச்சு பாய். உள்ள சுத்தற காயிலெல்லாம் எரிஞ்சு கரி."

"நல்லா பாத்து சொல்லுங்கணா. வேற எதனா சின்னக் கோளாறா இருக்கப் போவுது."

"நான் பாத்து சொன்னா மாறாது. காயலான் கடைக்குப் போடு."

"கேட்டுக்கினீங்களா முதலாளி?" என்று பாஷா கோதண்டராமன் பக்கம் திரும்பினார். அவர் உதட்டைப் பிதுக்கினார்.

"பாவம், ஆசையா வாங்கினே" என்றார் பரசுராமன். "எங்கிட்ட தள்ளிடு. ஸ்குரூ, போல்ட்டுன்னு எதுக்காவது ஆவும்."

பாஷா தலையைச் சொறிந்தார். "காசு வேணாம்ணா. அடி அண்ணாமலையில இடிச்ச வீட்டுதுன்னு உங்க ஷெட்டுல பழைய தேக்கு கெடக்குதே, அத குடுங்க. ஸ்டூலு, பலகைன்னு செஞ்சு பொழச்சுக்கறேன்."

பரசுராமன் கணக்குப் போட்டார். மிஷின் ஓடினால் லாட்ஜ் வேலை தனக்குத்தான். மரம் எந்தக் கடையிலும் கிடைக்கும், மிஷின் கிடைக்குமா? ரொம்ப யோசிப்பவர்போல் பெருமூச்சு விட்டு, "சரி, ஒனக்காவ" என்றார். மாலைக்குள் பாஷா வண்டி கொண்டுவந்து மரத்தை ஏற்றிக்கொண்டு போய்விட்டார்.

இரண்டு நாள் கழித்துப் பரசுராமன் புதுக் கார்பனை அரத்தால் ராவித் தேய்த்து ஓட்டைக்குள் சொருகினார். மிஷின்கூட பக்தியாகச் சாம்பிராணி மணந்தது. சுவிட்சை அழுத்தியதும் உறுமிக்கொண்டு கிளம்பியது.

"ரேணுகா, கேட்டியா சத்தத்த!"

மனைவி ரேணுகாம்பாள் வந்து எட்டிப் பார்ப்பதற்குள் உள்ளே நீலமாக நெருப்பு சுற்றியது. மயிர் பொசுங்கும் நாற்றத்தோடு புகை கக்கிவிட்டு மிஷின் நின்றது. பதறிப் பிரித்தார். கம்பியெல்லாம் கரி. அத்தனையும் இப்போது எரிந்ததல்ல. எப்போதோ எரிந்து ஆறிய பழைய கரி. அந்தச் சாம்பிராணியும் காலி ஓட்டையும் எதற்கென்று அப்போதுதான் புரிந்தது.

"மரத்த குடுத்துட்டுக் கரி வாங்கினு வந்தியா?" என்றாள் ரேணுகாம்பாள்.

மிஷினைச் சாக்கில் சுருட்டி, சைக்கிளில் கட்டிக்கொண்டு மழையிலேயே பறந்தார் பரசுராமன். பாஷாவின் பட்டறையில் அந்தத் தேக்குப் பலகைகள் வரிசையாகக் கிடந்தன. பாஷா கையால் இழைத்துக்கொண்டிருந்தார். கோதண்டராமன் டேப்பைப் பிடித்து அளந்துகொண்டிருந்தார்.

"வாய்யா பரசுராமா. வேலைய பாய்க்கே குடுத்துட்டேன். இந்த மழையில காஞ்ச தேக்கு வேற எவன்கிட்ட கீது? கடையில இருக்கறதெல்லாம் ஈர மரம், கதவு போட்டா கோணிக்கும். மிஷின் இல்லன்னா இன்னா, கூட நாலு ஆளப் போட்டு இழைச்சுடலாம்னு பாய் சொல்றாரு."

பரசுராமன் சாக்கைத் தொப்பென்று போட்டார். "பாய்! இது ஆர்மேச்சர் எரிஞ்ச மிஷின்!"

கோதண்டராமன் அவரை விநோதமாகப் பார்த்தார். "அதான் அன்னிக்கே நீ சொன்னியே?"

பரசுராமன் வாயைத் திறந்தார். மேலே ஒரு வார்த்தை பேசினாலும், அன்று சொன்னது பொய் என்று லாட்ஜ்காரர் எதிரில் ஒப்புக்கொள்ள வேண்டும். திறந்த வாயை மூடிக்கொண்டார்.

பாஷா நிமிராமல் இழைத்துக்கொண்டே இருந்தார். தேக்குச் சுருள் ஒன்று நீளமாக வந்து விழுந்தது. பிறகு மெதுவாக, மிகுந்த மரியாதையோடு சொன்னார்:

"எனக்கு மிஷின்ல புகை வந்தப்புறந்தான்ணா தெரிஞ்சுது. நீங்க பாத்ததுமே சொல்லிட்டீங்க!"