நாற்பத்தொன்றாம் எண்

"இந்தப் பக்கத்துல நான் கையெழுத்துப் போட மாட்டேன் சார்."

அச்சுப்பிழை பார்க்கும் புரூஃப் அம்மா சிவப்புப் பேனாவை மூடி மேசைமேல் வைத்தார். இடது உள்ளங்கையின் ஓரம் முழுக்க மை. அகராதியின் இரண்டாம் பதிப்பு, அந்த ஒரு கையெழுத்துக்காக மூன்று நாளாக அச்சகம் போகாமல் கிடந்தது.

தகராறு 'சாவி'யில். மணி பிடிக்காமல் போன நெல்லும் சாவி, பூட்டைத் திறப்பதும் சாவி. உள்ளே ஒன்றுமில்லாத நெல்லின் பெயர்தான் உள்ளே குழலாக இருக்கும் திறவுகோலுக்கும் வந்தது என்று முதல் பதிப்பு சொல்லியிருந்தது.

"நெல்லுச் சாவி, 'சா'ங்கற நம்ம வேர்லேர்ந்து வந்தது. பூட்டுச் சாவி போர்த்துக்கீசியர் கப்பல்ல வந்து இறங்குனது. ரெண்டுக்கும் ஒட்டும் இல்ல, உறவும் இல்ல. தனித்தனியாப் போடுங்க."

பொறுப்பாசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இத்தனை வருஷமா எல்லாரும் இதைத்தாம்மா படிக்கறாங்க. நானே எத்தனை மேடையில பேசியிருக்கேன் தெரியுமா?"

"அதனாலதான் சீக்கிரம் திருத்துங்கங்கறேன்."

பக்கம் கட்டும் கணினிக்காரர் சிரிப்பை மறைக்கத் தண்ணீர் குடித்தார்.

பொறுப்பாசிரியர் இழுப்பறையிலிருந்து 'சாவி'க்கான பழுப்பேறிய சீட்டை எடுத்தார். முதல் பதிப்புக்குப் பலர் வீட்டில் இருந்தே சொற்களைச் சீட்டில் எழுதித் தபாலில் அனுப்பியிருந்தார்கள். சீட்டில் பெயர் கூடாது, எண் மட்டும்தான். பெரிய பெயரைக் கண்டு பயந்து யாரும் திருத்தாமல் விட்டுவிடக் கூடாது என்று அப்போதிருந்த ஆசிரியர் செய்த ஏற்பாடு அது. எந்த எண் யாருடையது என்ற பதிவேட்டைக் கரையான் தின்று வெகுகாலம் ஆயிற்று.

"நாப்பத்தொண்ணு" என்றார், சாமி பெயரைச் சொல்வதுபோல. "ரெண்டாயிரம் சீட்டு எழுதின மகான். ஆம்பளைக் கையெழுத்து, கம்பீரத்தைப் பாருங்க. மை காயக்கூடப் பொறுக்கல, எழுத எழுத அது மேலயே கையைத் தேச்சுக்கிட்டுப் போயிருக்காரு. அவ்வளவு வேகம்."

"வேகத்துலதான் சறுக்கும். எழுதினப்போ என்ன வயசோ, கைவசம் எத்தனை புஸ்தகமோ. அந்தச் சீட்டுல சான்று ஏதாவது இருக்கா?"

அவர் சீட்டைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் வெறுமையாக இருந்தது.

"எங்கிட்ட ஆறு சான்று இருக்கு. மூணு நாளா உங்க மேசையிலதான் கிடக்கு. எண்ணைப் பாக்காதீங்க சார், அதைப் பாருங்க."

"நாப்பத்தொண்ணாம் எண்ணைத் திருத்தற அளவுக்கு நீங்க யாரும்மா?"

"புரூஃப் பாக்கறவ. தப்பைச் சுழிக்கத்தான் சம்பளம்."

அவர் குரலைத் தாழ்த்தினார். "அடுத்த வாரம் உங்க ஒப்பந்தம் முடியுது. கையெழுத்து இல்லேன்னா புதுப்பிக்கச் சொல்லி நான் எழுத மாட்டேன். வேற ஆளை வச்சுப் போட்டுக்குவேன்."

புரூஃப் அம்மா கண்ணாடிக் கூட்டையும் டிபன் டப்பாவையும் கைப்பைக்குள் வைத்தார். எட்டு வருஷ மேசையில் அவருடையது என்று அவ்வளவுதான் இருந்தது.

"அக்கா, ஒரு சொல்லுதானே? போட்டுட்டுப் போங்களேன்" என்றார் கணினிக்காரர், மெதுவாக.

"ஒரு சொல்லுதானேன்னு விட்டா, மத்த சொல்லையெல்லாம் எதுக்குப்பா கண்ணு வலிக்கப் பாத்தேன்?"

பொறுப்பாசிரியர் எழுந்தேவிட்டார். "சரி, கடைசியாச் சொல்றேன். அந்த நாப்பத்தொண்ணாம் எண்ணே நேர்ல வந்து, 'நான் எழுதினது தப்பு'ன்னு சொல்லட்டும். அந்த நிமிஷமே மாத்தறேன். வேற யார் சொன்னாலும் நடக்காது."

புரூஃப் அம்மா பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். நாற்காலியை உள்ளே தள்ளினார்.

"மூணு நாளா வந்து சொல்லிக்கிட்டுத்தானே சார் இருக்கேன்."