முப்பது லட்சத்து வீடு

"பதினெட்டு லட்சமா? கண்ணைத் தொறந்து பாத்துட்டுத்தான் எழுதுனீங்களா சார்?"

அப்துல் மஜீது போட்ட சத்தத்தில் தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள்.

வீட்டுக்கு மதிப்புப் போட பேங்க் அனுப்பிய இன்ஜினியர் வசந்தகுமார், டேப்பைச் சுருட்டிக்கொண்டே சொன்னார்.

"பழைய கட்டடம் சார். பின்பக்கச் சுவர் பூரா ஓதம் ஏறியிருக்கு. அதையெல்லாம் கழிச்சுத்தான் போட முடியும்."

மஜீது பதினாறு வருஷம் சவூதியில் உழைத்துவிட்டு, நீடாமங்கலம் திரும்பி வந்து ஃபேன்சி ஸ்டோர் வைத்திருப்பவர். போன வருஷம் இந்த வீட்டை அடமானம் வைத்து எட்டு லட்சம் வாங்கி, கடையைப் பெரிதாக்கினார். இப்போது மகன் சுஹைபுக்கு லண்டனில் எம்.பி.ஏ. படிக்க இடம் கிடைத்திருக்கிறது. இன்னும் பத்து லட்சமாவது வேண்டும்.

"இப்ப இடத்து விலையெல்லாம் ஏறிக் கிடக்கு. மறுபடி மதிப்புப் போடுவோம். கூட வந்தா கூடக் கொடுக்கிறோம்" என்று மேனேஜர் சொல்லியிருந்தார்.

பதினெட்டு லட்சம் என்றால் மேற்கொண்டு மூன்று லட்சம் கிடைத்தாலே பெரிது. மஜீதுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

"எதிர்ல இருக்கே, குஞ்சிதபாதம் வீடு. இதைவிடச் சின்னது. போன மாசம் இருபத்தெட்டு லட்சத்துக்குப் போச்சு, தெரியுமா உங்களுக்கு?"

"பத்திரத்துல பத்து லட்சம்னுதானே சார் இருக்கு?"

"பத்திரத்துல எவன் சார் உண்மையான விலையை எழுதுறான்? நேத்துப் பொறந்தவன் மாதிரி பேசுறீங்களே!"

மஜீதின் மனைவி பர்வின் டீயோடு வந்தாள்.

"டீ ஒண்ணும் வேணாம். உள்ள கொண்டு போ!"

பர்வின் அப்படியே திரும்பிப் போனாள்.

"நேராவே கேக்குறேன் சார். கவர் எதிர்பாக்குறீங்களா? அதுக்குத்தான் இப்படிக் குறைச்சுப் போடுறீங்களா?"

வசந்தகுமாரின் முகம் சிவந்துவிட்டது.

"வார்த்தையை அளந்து பேசுங்க சார். எனக்குப் பட்டதைத்தான் எழுதியிருக்கேன். வேணும்னா வேற இன்ஜினியரை வச்சுப் பாத்துக்குங்க."

"அடுத்தவன் சொத்தைக் குறைச்சு எழுதுறோமே, ஒரு குடும்பம் நாசமாப் போகுமேன்னு கொஞ்சம்கூட உறுத்தாதா சார் உங்களுக்கு? என் புள்ளை படிப்பு சார் இது! நல்லா இருப்பீங்களா நீங்க?"

ரெண்டு வீடு தள்ளி வாடகைக்குக் குடியிருக்கும் தங்கை ஹபீபுன்னிசா, சத்தம் கேட்டு வாசலில் வந்து நின்றாள். மஜீது அவளைப் பார்த்துவிட்டார்.

"வா ஹபீபா, உள்ள வா. நீயும் பொறந்து வளர்ந்த வீடுதானே? இந்த மனுஷன் பதினெட்டு லட்சம்தான் பெறும்ங்கிறாரு. நீயே சொல்லு இவருக்கு!"

ஹபீபுன்னிசா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள். வீட்டை ஒருமுறை மேலும் கீழும் பார்த்தாள்.

"முப்பதுக்குக் குறையாது சார். எங்க அத்தா பர்மாத் தேக்கு வாங்கி, பக்கத்துலயே நின்னு பாத்துப் பாத்துக் கட்டுனது."

"கேட்டீங்களா?" மஜீது இன்ஜினியரைப் பார்த்துக் கையை நீட்டினார். "பள்ளிக்கூடம் தாண்டாதவ அவ. அவளுக்குத் தெரியுது, வீடு என்ன பெறும்னு. உங்களுக்குத் தெரியல!"

வசந்தகுமார் பேப்பர்களை ஃபைலில் வைத்தார்.

ஹபீபுன்னிசா நகரவில்லை. அண்ணன் பக்கம் திரும்பினாள். குரல் உயரவில்லை.

"அப்ப ஏண்ணே, ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி எங்க வீட்டுக்காரர் ஆஸ்பத்திரியில கிடந்தப்ப, வீடு மொத்தமே ஆறு லட்சம்தான் பெறும்னு சொல்லி, என் பங்குக்கு ரெண்டு லட்சத்தைக் கொடுத்து எழுதி வாங்குனீங்க?"